மூன்று பலகையும் ஒரு கருமயிலைக் காளையும்

கோட்டைச்சாமி அம்பலம் சந்தைக்குக் கிளம்பினால், அவர் மனைவி அக்கம்மாள் அன்று மதியம் அவருக்காக அரிசி போடமாட்டாள். மனிதர் எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. கிணற்றில் நீர் இறைக்க வடம் வேண்டும் என்று ஒருமுறை காரைக்குடி போனார். கடையில் இருந்த வடத்தையெல்லாம் இழுத்துப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். பொழுது சாய்ந்தபின் வெறுங்கையை வீசிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். என்ன ஆயிற்று என்று அக்கம்மாள் கேட்டதற்கு, "எல்லா வடமும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அதுதான் அவருடைய கஷ்டம். கெட்டதைக் கண்டால் சட்டென்று தள்ளிவிடுவார். இரண்டு நல்லது எதிரே வந்துவிட்டால் தொலைந்தார்.

பள்ளத்தூருக்குத் தெற்கே சின்ன ஊர் அவருடையது. கொஞ்சம் வயல், ஒரு கிணறு, உழவுக்கு ஒரு ஜோடி மாடு, ஒரே மகன் செம்மலை. காரைக்குடிக்கு ரயில் வந்திருந்த சமயம் அது. ஊரே ஏறிப் பார்த்துவிட்டு வந்தது. இவர் மட்டும் எந்த வண்டியில் ஏறுவது என்று யோசித்து யோசித்தே போகாமல் இருந்தார்.

அப்படிப்பட்டவர், மகனுக்கு இளையாத்தங்குடிப் பக்கம் பெண் பார்க்கப் போன இடத்தில், போன அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். அக்கம்மாள் நம்பவே இல்லை.

"நீங்களா முடிச்சீக?"

"அங்க ரெண்டு பொண்ணு இல்ல. ஒண்ணுதான் இருந்துச்சு."

பெண்ணின் பெயர் முத்தழகு. முந்தின வருஷம் அவளுக்கு அம்மை வார்த்து, பிழைப்பாளா என்று ஆகி, பிழைத்தாள். முகம் முழுக்கத் தழும்பு நின்றுவிட்டது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு இடத்துக்காரர்கள், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். கோட்டைச்சாமி தழும்பைப் பார்க்காமல் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தபோது அந்தப் பெண் செம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்ததையும் பார்த்தார். அவருக்கு அது பிடித்துப் போயிற்று, அவ்வளவுதான். நல்ல மனிதருக்கு நல்ல புத்தி வேலை செய்ய அதிக நேரம் வேண்டாம் போலிருக்கிறது.

வம்பு, பரிசம் போட்ட நாளில் ஆரம்பித்தது. கோட்டைச்சாமி அப்போது கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டு வேலைக்குச் சுண்ணாம்பு வண்டி அடித்துக்கொண்டிருந்தார். சுவருக்கெல்லாம் அங்கே சீமைச் சாயம் பூசுவதைப் பார்த்துவிட்டு, புது மருமகளுக்கென்று தன் வீட்டில் ஒரு செங்கல் அறை எழுப்பியிருந்தார். வெறும் வெள்ளையடிக்கப் போவதில்லை, டின் பெயிண்டுதான் என்று பெண் வீட்டில் பெருமையாகச் சொல்லியும் விட்டார். பெண்ணின் அத்தை ஒருத்திக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏண்டி, மாமனாரு சாயம் பூசப் போறாருல்ல. என்ன நிறம் வேணும்னு இப்பவே சொல்லிப்புடு."

பெண்கள் சிரித்தார்கள். குனிந்த தலையோடு இருந்த முத்தழகு, "எங்க காளை நிறம்" என்றாள். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. கோட்டைச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே கட்டியிருந்தது ஒரு புலிக்குளத்துக் காளை, கருமயிலை நிறம். கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவே நிற்கிற நிறம் அது. தாய்ப்பசு செத்துப் போனதால் முத்தழகு கஞ்சி ஊற்றி வளர்த்த கன்று என்று யாரோ சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கம்மாளிடம், "கருமயிலைதான்" என்றார்.

"பொங்கல் வைக்கிற வீட்டுல கரியைப் பூசுவாகளா யாராச்சும்? மஞ்சளைப் பூசுங்க, பச்சையைப் பூசுங்க."

"அந்தப் பிள்ளை கேட்டுருச்சு."

அக்கம்மாள் அதோடு விட்டுவிட்டாள். அவர் ஒன்றை முடிவு செய்வதே அபூர்வம். செய்துவிட்டால் அதை மாற்ற ஆள் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

செட்டியார் வீட்டில் வேலை செய்த பெயின்டர் மாயக்கண்ணனை அழைத்து வந்தார். மாயக்கண்ணன் தன்னைப் பெயின்டர் என்று சொல்லிக்கொள்ள மாட்டான், சித்திரக்காரன் என்பான். கூரைப்பலகையில் பூவும் கிளியும் எழுதுகிறவனைச் சுவருக்குக் கரி பூசக் கூப்பிட்டதில் அவனுக்கு வருத்தம். இருந்தாலும் வெள்ளைப் பெயிண்டில் விளக்குக்கரியைக் கூட்டியும் குறைத்தும் குழைத்து, மூன்று பலகைத் துண்டுகளில் பூசிக் காயவைத்துக் கொண்டுவந்தான்.

"இது யானை, இது ஈயம், இது மழைமேகம். எது வேணும் அம்பலாரே?"

கோட்டைச்சாமி மூன்றையும் வாங்கி வெயிலில் பார்த்தார், நிழலில் பார்த்தார், தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"இதுல எது மாடு?"

மாயக்கண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அக்கம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, மூணும் ஒண்ணுதானே என்று உள்ளே போய்விட்டாள். உண்மையில் மூன்றும் தனித்தனியே பார்த்தால் ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யானை கொஞ்சம் கறுப்பு, மழைமேகம் கொஞ்சம் வெளிறல், ஈயம் நடுவே. மூன்றும் நன்றாகவே இருந்தன. அதனால் கோட்டைச்சாமிக்குத் தூக்கம் போயிற்று.

பலகையை எடுத்துக்கொண்டு போய்க் காளையோடு ஒத்துப் பார்த்துவிடுவது என்று கிளம்பினார். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. மாட்டுக்குப் பக்கத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஊர் சிரிக்கும். அதோடு, அறைக்குள் காலெடுத்து வைக்கும்போதுதான் முத்தழகு அந்த நிறத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆகவே பலகைகளைச் சாக்கில் சுற்றி, வண்டியில் வைக்கோலுக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு போனார்.

முத்தழகின் அப்பா தங்கச்சாமி, கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தி தனியாக வந்து நிற்பதைப் பார்த்துத் திகைத்தார்.

"வாங்க சம்மந்தி, என்ன திடுதிப்புன்னு?"

"இங்குட்டு ஒரு சோலியா வந்தேன். அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு."

மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நேரே தொழுவத்துக்குப் போனார். காளையைச் சுற்றி வந்தார். திமிலைத் தடவினார். "நல்லா இருக்கு" என்றார். பிறகு வண்டிக்குப் போய் வைக்கோலை விலக்கிக் கீழே எதையோ பார்த்தார். மறுபடி தொழுவத்துக்கு வந்தார், மறுபடி வண்டிக்குப் போனார். திமில் யானை மாதிரி இருந்தது. கழுத்து ஈயம். நிழல் விழுந்தால் ஈயம் யானையாகிவிடுகிறது. ஒன்றும் முடிவாகாமல் வண்டி பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனபின் அந்த வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்து ஊர்களில், கல்யாணத்தில் மாடு வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்பது மரியாதைக் குறைவு. வருவார்கள், மாட்டைப் பார்ப்பார்கள், திமிலைத் தடவி நன்றாக இருக்கிறது என்பார்கள், போவார்கள். பெண் வீட்டார் புரிந்துகொள்ள வேண்டும். புரியாதவர் போல இருந்தால், இன்னொரு முறை வருவார்கள்.

"வண்டியில வைக்கலுக்கு அடியில கயிறு கொண்டாந்திருக்காரு. அதைத்தான் போய்ப் போய்ப் பாத்தாரு" என்றாள் தங்கச்சாமியின் மனைவி பொன்னுத்தாயி.

ஆனால் அந்தக் காளை இனித் தங்கச்சாமியுடையது இல்லை. முத்தழகு அம்மையில் கண் திறக்காமல் கிடந்தபோது, பிள்ளை எழுந்துவிட்டால் இந்தக் காளை உனக்கு என்று ஊர் ஐயனாருக்கு நேர்ந்திருந்தார். கல்யாணம் முடிந்த மறு வாரம் கோயிலில் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. மகள் உயிருக்கு ஈடாகக் கொடுத்த வாக்கை எப்படி மீறுவது? மீறாவிட்டால், தழும்பை ஒரு பொருட்டாக நினைக்காமல் வந்த இந்த ஒரே இடமும் கை நழுவிப் போகுமே. அன்றிலிருந்து தங்கச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே கோட்டைச்சாமிக்கும் சரியாக இறங்கவில்லை. இன்னொரு முறை பார்த்தால் தெளிந்துவிடும் என்று மறுபடி வண்டியைப் பூட்டினார். அவர் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட பெண் வீட்டார், வருகிறவர் மனம் கோணக்கூடாது என்று அவசர அவசரமாகக் காளையைக் குளிப்பாட்டி வைத்தார்கள். கோட்டைச்சாமி தொழுவத்துக்குள் போனார். நனைந்த காளை கன்னங்கரேலென்று நின்றது. இவருக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் விஷயம் தெளிவாகிவிட்டது, யானைதான். "இனி யோசிக்க ஒண்ணுமில்ல சம்மந்தி, எனக்கு முடிவு தெரிஞ்சுபோச்சு" என்று தங்கச்சாமியின் தோளைத் தட்டிவிட்டு வேறு வந்தார்.

மாயக்கண்ணன் ஒரு சுவரை யானை நிறத்தில் பூசி முடித்தான். அக்கம்மாள் வந்து நின்று பார்த்தாள்.

"அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு."

"அந்தக் காளை இப்படித்தான் இருக்கு. என் கண்ணால பாத்தேன்."

அன்று மாலை அவருடைய உழவு மாடுகள் ஊருணியில் இறங்கிக் கரையேறின. நனைந்த முதுகு கறுப்பாக மின்னியது. கொஞ்ச நேரத்தில் வெயிலில் உலர்ந்து பழைய நிறத்துக்கு வந்தது. கோட்டைச்சாமி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அந்தக் காளையின் வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது இப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்த மனிதர், நனைந்த மாட்டை நம்பிவிட்டார். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல், மறுநாள் வெள்ளென மூன்றாவது முறையாகக் கிளம்பினார்.

இந்த முறை அவருக்கு இலை போட்டுச் சாப்பாடு. பொன்னுத்தாயி முகம் கொடுக்காமல் பரிமாறினாள். உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சாப்பிட்டுக் கை கழுவி வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவருடைய வண்டிக்குப் பின்னால் அந்தக் காளை கட்டியிருந்தது. புதுக் கயிறு, நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை.

"ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றார் தங்கச்சாமி. "ஐயனாருக்குன்னு நேந்தது. பிள்ளை அம்மையில கிடந்தப்ப நேந்தேன். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், என்னை என்ன வேணா பண்ணட்டும். நீங்க மூணு தரம் வந்துட்டீக, அதுக்கு மேல உங்களை அலைய விடுறது மரியாதை இல்ல. எம் பிள்ளையை மட்டும் ஒரு குறை சொல்லாம வச்சுக்கங்க."

கோட்டைச்சாமி திருதிருவென்று விழித்தார். கயிற்றைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், தங்கச்சாமியின் கலங்கிய கண்ணைப் பார்த்தார். மெல்ல மெல்ல விஷயம் உறைத்தது. இப்படி ஒரு பாவத்துக்கு ஆளானேனே என்று இருந்தது அவருக்கு.

"ஐயோ சம்மந்தி, நான் மாட்டுக்கு வரல. நான்... இருங்க."

வண்டிக்கு ஓடி வைக்கோலை வாரிக் கீழே தள்ளினார். சாக்கைப் பிரித்தார். பலகைகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து தங்கச்சாமி முன்னால் நீட்டினார்.

"சுவருக்கு நிறம் பாக்க வந்தேன். பிள்ளை அன்னைக்குக் கேட்டுச்சுல்ல. எந்தக் கருமயிலைன்னு எனக்குப் பிடிபடல."

தங்கச்சாமி பலகையைப் பார்த்தார். பிறகு சம்பந்தியைப் பார்த்தார். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"ஊரு சிரிக்குமேன்னு பாத்தேன்."

ஊர் அதற்குள் கூடிவிட்டிருந்தது, சிரிக்கவும் செய்தது. விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை. திமில்தான் காளைக்கு நிறம், யானையைப் பூசுங்கள் என்றார் ஒருவர். கழுத்தைப் பார்த்துத்தான் மாடே பிடிக்கிறோம், ஈயம்தான் சரி என்றார் இன்னொருவர். பலகையைத் திமிலில் வைப்பதும் கழுத்தில் வைப்பதுமாகச் சண்டையே வந்துவிடும் போல ஆயிற்று. காளை பாவம், மாலையைத் தின்றுகொண்டு பொறுமையாக நின்றது. மழைமேகத்தை யாரும் கையில்கூட எடுக்கவில்லை.

கோட்டைச்சாமிதான் சொன்னார். "கேட்ட பிள்ளையை விட்டுட்டு நம்ம எதுக்குப் பேசுறோம்? வரச் சொல்லுங்க."

கல்யாணத்துக்கு முன் மாமனார் எதிரே பெண் வந்து நிற்கிற வழக்கம் இல்லை. பொன்னுத்தாயி தயங்கினாள். முத்தழகு தானே வந்தாள். அழுத முகம், தழும்புகள் சிவந்திருந்தன. ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் மூன்று பலகையையும் வாங்கி மண்ணில் சாய்த்து வைத்தாள். திமிலைப் பார்க்கவில்லை, கழுத்தையும் பார்க்கவில்லை. காளையின் பக்கவாட்டில் போய் நின்று, விலாவுக்கும் வயிற்றுக்கும் நடுவே மழைமேகப் பலகையை வைத்தாள். எங்கே பலகை முடிகிறது, எங்கே மாடு தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

"இதுதான் மாமா."

"அங்குட்டு யாரு ஆத்தா பாப்பாக?" என்றார் தங்கச்சாமி.

அவள் மாமனாரிடமே பதில் சொன்னாள். "அம்மை இறங்குனதுக்கு அப்புறம் நான் யாரு முன்னாடியும் வர மாட்டேன். இது படுத்து அசை போடும். நான் போயி இதும்மேல சாஞ்சு உக்காந்துக்குவேன். எல்லாரும் என் மூஞ்சியைத்தான் பாத்தாக. இது பாக்காது."

கோட்டைச்சாமி மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மற்ற இரண்டு பலகைகளையும் அங்கேயே போட்டுவிட்டு, மழைமேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டி ஏறினார். காளையைத் தங்கச்சாமி அவிழ்த்துத் தொழுவத்துக்குக் கொண்டுபோனார்.

மாயக்கண்ணன் யானைச் சுவரைச் சுரண்டி, நாலு சுவரையும் மழைமேகமாக்கினான். பூசப் பூச அவனுக்கே பிடித்துவிட்டது. ஒரு மூலையில் கிளி ஒன்று எழுதட்டுமா என்று கேட்டான். கோட்டைச்சாமி வேண்டாம் என்று அரை நொடியில் சொன்னார். அக்கம்மாள் அசந்துபோனாள்.

வைகாசியில் மாப்பிள்ளை வீட்டில் வைத்தே கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்து, பெண்ணைப் புது அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். வந்த பெண்களெல்லாம் என்ன இது இந்த நிறம் என்று முணுமுணுத்தார்கள். முத்தழகு நாலு சுவரையும் ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். கோட்டைச்சாமிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பந்தி போட்டார்கள். பெண்களும் எழுந்து சாப்பிடப் போனார்கள்.

பந்தி முடிகிற நேரத்தில் அக்கம்மாள் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். சத்தம் போடாமல் வரும்படி சைகை காட்டி, அறை வாசலுக்குக் கூட்டிப் போனாள். உள்ளே முத்தழகு பட்டுச்சேலையும் மாலையுமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெளியே மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"கல்யாணப் பொண்ணு பட்டப்பகல்ல தூங்குது பாருங்க" என்றாள் அக்கம்மாள். கேலி இல்லை அதில். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப ஒரு மாசம் எனக்குத் தூக்கமே இல்ல. கண்ணை மூடிக்கிட்டுக் கிடப்பேன்."

கோட்டைச்சாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாக அவருக்கு இது தெரியாது.

"ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீக?"

அவள் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டாள். கோட்டைச்சாமி போய் மேளத்தை நிறுத்தச் சொன்னார். மேளக்காரர்கள் காரணம் கேட்டார்கள். பிள்ளை தூங்குகிறது என்றார். பிறகு வந்து அந்த அறை வாசலில் உட்கார்ந்துகொண்டு, பெண்ணைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் சாயங்காலம் வரும்படி திருப்பி அனுப்பினார்.